கைக்கடிகாரச் சங்கிலியின் மூட்டு

பெங்களூரின் கிழக்குப் பகுதியிலுள்ள தொம்மலூர் தொன்மை வாய்ந்த ஊராகும். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுக்கள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்குகின்றன. மாணிக்கத்தின் பெயர் தாங்கிய அவ்வூரைத் தொட்டுச் செல்லும் பழைய விமான நிலையச் சாலையில்தான், கடிகாரமும் நகையும் ஆகிய இரு தொழில்களையும் ஒருங்கே நடத்தும் டைட்டன் கம்பெனியின் தலைமை அலுவலகம் பல ஆண்டுகள் இருந்து வந்தது. பின்னர் அது எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றப்பட்டது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய இக்கம்பெனியின் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. அதற்கும் முன்பே, ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியிருந்தது.

எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடுவதற்கு மத்திய அரசு 2016-இல் முடிவு செய்தது. எனினும் அங்குச் செய்யப்பட்ட கடிகாரங்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதற்குக் காரணம் யாது? அவற்றின் முதுகுமூடியைத் திறக்கலாம், திருகுகளைக் கழற்றலாம், தேய்ந்த உறுப்பை மாற்றிப் பழையபடி பூட்டலாம். ஆனால் அதே கடிகாரத்தைக் கையில் தாங்கும் உலோகச் சங்கிலிக்கு இந்த நியாயம் பெரும்பாலும் வழங்கப்படுவதில்லை. அது தளர்ந்ததும் குப்பையில் எறியப்படுகிறது. கடிகாரத்தின் உட்புறம் பழுதுபார்க்கத்தக்கதாக இருப்பது எவ்வளவு இன்றியமையாததோ, சங்கிலியின் மூட்டும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

வளையாத கண்ணிகளைக் கோத்து வளையும் பட்டையை உண்டாக்குவதே இச்சங்கிலியின் தத்துவம். இதன் அமைப்பை வகுப்பறையில் எளிய வடிவ கணிதத்தால் விளக்கலாம். மணிக்கட்டின் சுற்றளவு 170 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கடிகாரக் கூடு 45 மில்லிமீட்டரையும், பூட்டு 35 மில்லிமீட்டரையும் எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 90 மில்லிமீட்டர். கண்ணி ஒன்று 7.5 மில்லிமீட்டர் நீளமாயின், பக்கத்துக்கு ஆறாக 12 கண்ணிகள் தேவை. கூடும் பூட்டும் சேர்ந்து 14 பக்கங்கள் உள்ள பலகோணம் உருவாகிறது. எப்பலகோணத்திலும் வெளிக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை. ஆகவே ஒவ்வொரு மூட்டும் சராசரியாக ஏறத்தாழ 26 பாகை திரும்பவேண்டும். கண்ணியின் நீளத்தை 15 மில்லிமீட்டராக்கினால் மூட்டுக்கள் எட்டாகக் குறைந்து, ஒவ்வொன்றும் 45 பாகை திரும்ப நேரிடும். அப்போது சங்கிலி கையில் படியாது. விளிம்பு தோலை உறுத்தும். கண்ணியின் முனையை ஊசியின் மையத்தை ஒட்டியே உருளையாகச் செதுக்கினால், மூட்டு எவ்வளவு திரும்பினாலும் இடைவெளி மாறாது. கையிலுள்ள மயிரும் சிக்கிக்கொள்ளாது.

கண்ணி சிறியதாயின் வசதி மிகும். ஆனால் மூட்டுக்களின் எண்ணிக்கையும் பெருகும். தேய்மானம் நிகழுமிடம் மூட்டே என்பதை மறத்தலாகாது. வியர்வையும் தூசியும் சேர்ந்து ஊசியைச் சுற்றி அரைக்கும் பசைபோல் வேலை செய்கின்றன. ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் அதனைக் கண் காணாது. 14 மூட்டுக்களில் அது 1.4 மில்லிமீட்டராகிறது. தளர்வு 0.3 மில்லிமீட்டரானால் சங்கிலி 4.2 மில்லிமீட்டர் நீண்டு, கடிகாரம் கையில் சுழலத் தொடங்கும். கண்ணியின் விலை அதிகம். ஊசியின் விலை அற்பம். ஊசியை வெளியே எடுக்க இயலுமாயின் சில நிமிடங்களில் இக்குறை பெரும்பாலும் தீரும். தகட்டை மடித்து ஊசியை நிலையாக அறைந்துவிட்டால் முழுச் சங்கிலியும் வீணாகிறது.

இக்கருத்து தமிழ்நாட்டுப் பொற்கொல்லருக்குப் புதியதன்று. தோட்டிலும் மூக்குத்தியிலும் திருகாணி வைத்தவர்கள் அவர்கள். கொலுசின் வளையம் தேய்ந்தால் அதனை மட்டும் நீக்கி வேறொன்றைப் பற்றவைத்துத் தருவதும் அவர்களது வழக்கம். பிற நாடுகளிலும் இதே சிக்கலைப் பற்றிச் சிந்தித்தார்கள். ரோலெக்ஸ் கம்பெனி 1945-இல் வெளியிட்ட ஜூபிலி பட்டையில் ஒரு வரிசைக்கு ஐந்து துண்டுகள் உண்டு. அதே கம்பெனி பிற்காலத்தில் தங்கக் கண்ணிகளுக்குள் கடினமான பீங்கான் குழல்களைச் செருகித் தேய்மானத்தைக் குறைத்தது. பொன் மென்மையானது என்பதே அதற்குக் காரணம்.

இந்தியக் குடும்பத்தில் பொன் வெறும் அலங்காரம் அன்று, அது சேமிப்புமாகும். 2021 ஜூன் 16 முதல் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 22 காரட் நகையில் 91.6 சதவிகிதம் பொன் உண்டு என்பதற்கு அம்முத்திரை சான்று தருகிறது. ஆனால் கண்ணியின் மூட்டு எத்தகையது என்பதைப் பற்றி அது யாதும் கூறுவதில்லை. துளை தேய்ந்து மூட்டு அறுந்து, சங்கிலி தெருவில் விழுந்துவிட்டால், தூய்மையின் சான்று யாருக்குப் பயன்படும்?

திருகு மூட்டினால் விலை ஏறும், ஏழை வாங்க இயலாது என்று சிலர் மறுக்கக்கூடும். இது புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. மடித்த தகட்டுச் சங்கிலி எடை குறைந்தது, மலிவானது. ஆனால் தட்டி எடுக்கக்கூடிய சாதாரண ஊசியும் திறக்கத்தக்க மூட்டே. அதற்குத் திருகின் செலவு வேண்டியதில்லை. மேலும், இரண்டாண்டுக்கு ஒரு முறை புதுச் சங்கிலி வாங்குபவர் மலிவாக வாங்கியவர் ஆகார்.

நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, விவசாயக் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. கைக்கடிகாரச் சங்கிலி போன்ற சிறு சாமான்களுக்கும் இந்நோக்கு விரிதல் நலம். ஊசியின் வகையும் குறுக்களவும், மாற்றுக் கண்ணி கிடைக்குமா என்பதும் விற்பனைச் சீட்டிலேயே குறிக்கப்பட வேண்டும்.

அதுவரையில் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பழைய சங்கிலி ஒன்றை நேராக நீட்டிப் பிடித்து அளந்து, பின் கண்ணிகளை நெருக்கி அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூட்டுக்களின் எண்ணிக்கையால் வகுக்க ஒரு மூட்டின் தளர்வு கிடைக்கும். இதற்கு ஓர் அளவுகோல் போதும். இவ்வாறு அளக்கக் கற்ற மாணவன், நாளைக்குக் கடையில் சங்கிலியின் மினுமினுப்பைப் பார்த்து மயங்கமாட்டான். மூட்டைத் திறக்க முடியுமா என்றே முதலில் கேட்பான். அக்கேள்வியைப் பலரும் கேட்கத் தொடங்கினால், செய்வோரும் விடையளித்தே தீரவேண்டும்.