பண்ணையில் கூடாரம், ஆற்றில் கழிவு

ஜண்டா பாயிக், உலு லங்காட், கேமரன் மலை முதலிய இடங்களில் பழத்தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் நடுவே இன்று சொகுசுக் கூடாரங்கள் எழுந்து வருகின்றன. மெத்தையும் மின்விசிறியும் வெந்நீர்க் குழாயும் தனிக் கழிப்பறையும் அமைந்த அக்கூடாரங்களில் தங்குவதற்குக் ‘கிளாம்பிங்’ என்று பெயரிட்டுள்ளனர். உழவர்க்கு விளைச்சலோடு மற்றொரு வருவாயும் கிடைப்பதை நாம் வெறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே: அங்குக் குளித்த நீரும் கழிப்பறை நீரும் எங்கே போகின்றன?

“சிறு தொழில்தானே, பத்துக் கூடாரங்களால் என்ன கெட்டுவிடும்?” என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் கழிவுநீர் அமைப்புகளை வடிவமைப்போர் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் எனக் கணக்கிடுவர். ஐவர் வாழும் பண்ணை வீட்டில் சேர்வது 1,125 லிட்டர். கூடாரத்துக்கு நால்வராகப் பத்துக் கூடாரங்களில் 40 பேர் தங்கினால் சேர்வது 9,000 லிட்டர். அதாவது எட்டு மடங்கு! வீட்டுக்கென்று கட்டிய பழைய மலத்தொட்டியோடு கூடாரங்களின் குழாய்களையும் இணைத்துவிட்டால் அது எப்படித் தாங்கும்?

செப்டிக் டேங்க் எனப்படும் அத்தொட்டி மந்திரப் பெட்டி அன்று. திண்மம் அடியில் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும். இடையிலுள்ள நீரே வெளியேறும். படிவதற்கு நேரம் வேண்டும். வார நாள்களில் வெறுமையாகக் கிடந்து, சனி ஞாயிறுகளில் வெள்ளமெனப் பாயும் நீர், படியாத மலத்தையும் சேர்த்தே வெளியே தள்ளும். கழிப்பறை கழுவும் மருந்தை அளவின்றி ஊற்றினால், மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் மடியும்.

“மண்ணே வடிகட்டிவிடும்” என்பது அடுத்த வாதம். இதில் பாதிதான் உண்மை. காற்றோட்டமுள்ள மண்ணில், போதிய ஆழத்தில், மெதுவாக ஊறும் நீரே தூய்மை பெறும். களிமண்ணில் அது தேங்கி நிற்கும். பருமணலில் விரைந்து கிணற்றை அடையும். மலைச்சரிவில் கீழ்ப்படிக்கட்டில் கசியும். கனமழையில் ஊறிய மண்ணோ எதையும் ஏற்காது. ஆற்றோரத்தில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும். கூடாரக்காரர்கள் விரும்பித் தேடுவதும் அந்த ஆற்றோரத்தையே!

“பயிருக்கு உரமாகட்டும்” என்பாரும் உளர். பதப்படுத்தாத மலநீரில் வரும் நாக்குப்பூச்சி முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். பச்சையாக உண்ணும் கீரைக்கு அந்நீரைப் பாய்ச்சுவது உரமிடுதல் ஆகாது. நோயை நடுதலே ஆகும்.

சட்டம் இல்லையா? உண்டு. 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடப்படும் கழிவுக்குக் கடுமையான தரத்தை வகுத்துள்ளன. ஆனால் 150 பேருக்குச் சமமான அளவுக்குக் குறைந்த வீடமைப்பும் வணிக மேம்பாடும் அவ்விதிகளின் எல்லைக்குள் வரா. கூடாரத்துக்கு நால்வரெனக் கொண்டால் 37 கூடாரங்கள் வரை இவ்வேலிக்கு வெளியே நிற்கலாம். ஒரே ஓடையின் கரையில் பத்துப் பண்ணைகள் இவ்வாறு நின்றால் என்னாகும்? அதிகாரி பண்ணை பண்ணையாகக் கணக்கெடுக்கலாம். ஆறோ அனைத்தையும் கூட்டியே கணக்கெடுக்கிறது. உலு லங்காட்டு ஆற்றுநீர் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக் குழாய்களிலும் வருகிறது என்பதை நகரத்தார் மறக்கலாகாது. குழாயின்றி ஓடையையே நம்பி வாழும் கீழ்க்கரைப் பூர்வகுடியினர்க்கோ சுத்திகரிப்பு நிலையமும் இல்லை.

2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங்காலியில், பண்ணையொன்றில் இருந்த முகாமின்மீது மண் சரிந்து 31 பேர் மாண்டனர். அம்முகாமுக்கு உரிமம் இல்லை என்று பின்னர் அரசு அறிவித்தது. அத்துயரத்துக்குப் பின்னரே சரிவைப் பற்றிப் பலரும் கேட்டனர். கழிவுநீரைப் பற்றிக் கேட்பதற்கும் சாவு வந்துதான் கதவைத் தட்ட வேண்டுமா?

வேண்டுவன அரியவை அல்ல. வார இறுதிக் கூட்டத்தைக் கணக்கிட்ட தொட்டி வேண்டும்; சமையலறை நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி வேண்டும்; கிணற்றுக்கும் ஓடைக்கும் விலகிய, மண்ணைச் சோதித்து அமைத்த உறிஞ்சு நிலம் அல்லது நாணற்படுகை வேண்டும்; கசடு அள்ளும் லாரி தொட்டியருகே வரப் பாதை வேண்டும். செலவாகும் என்பர். ஆம், செலவாகும். அதைக் கூடாரத்தின் வாடகையிலிருந்து கொடுக்காவிட்டால், கீழ்க்கரையில் இருப்பவர் தம் உடல்நலத்திலிருந்து கொடுப்பர். ஊராட்சி மன்றங்கள் இவற்றைக் காணாமல் உரிமம் வழங்கலாகாது. ஓடை முழுமைக்கும் சேர்த்தே எல்லை வகுக்க வேண்டும்.

தோட்டத்து லயங்களின் கால்வாய்களைக் கூட்டிக் கழுவியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். ஒரு கால்வாய் அடைபட்டால் எத்தனைப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் வாடும் என்பதை அவர்கள் ஏடு படிக்காமலே அறிந்திருந்தனர். ஏடு படித்த நாம் அறியாதிருத்தல் தகுமோ?

மாணவர்களை முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள், முன்பணம் கட்டுமுன் பண்ணையாரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கழிவுநீர் எங்கே செல்கிறது? தொட்டி எத்தனைப் பேருக்கு உரியது? கசடு கடைசியாக எப்போது அள்ளப்பட்டது? தெளிவான விடை கிடைக்காத இடத்தில் நம் பிள்ளைகளுக்குக் கூடாரம் வேண்டாம். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான்சிறப்பை வைத்தார். அதைக் கற்பிக்கும் வகுப்பிலேயே இக்கேள்விகளையும் கற்பிப்போம்.