எடுத்தவர் பெயர் எங்கே?

ஒரு சமுதாயம் எவருடைய உழைப்பைப் போற்றுகின்றது, எவருடைய உழைப்பை நுகர்ந்துவிட்டு மறந்துவிடுகின்றது என்பதை அறிய வேண்டுமாயின், அச்சமுதாயம் வெளியிடும் விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தாலே போதும். மட்டக்களப்பைப் பற்றி வெளிவரும் மலர்களில் வாழ்த்துரை வழங்கியோரின் பெயரும் பதவியும் பட்டமும் இருக்கும். விளம்பரம் தந்த கடையின் பெயர் இருக்கும். அச்சிட்ட அச்சகத்தின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். ஆனால், மலரின் அட்டையை அழகுசெய்யும் கல்லடிப் பாலத்தின் படத்தை எடுத்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. இடைக்கிடை 'நன்றி: இணையம்' என இரு சொற்கள் காணப்படும். இணையம் என்றைக்கு வைகறையில் துயிலெழுந்து, கமெராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, பனியில் நனைந்தபடி வாவிக்கரைக்கு வந்தது?

வாவிக்கரை ஊர்களில் எந்நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறாது, அழைத்தவர்க்குப் படமெடுத்துக் கொடுத்துத் தம் சீவியத்தை நடத்தும் சுயாதீனப் புகைப்படக் கலைஞர் பலர் உளர். அவர்களைப் 'போட்டோக்காரர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றோம். அவர்தம் படத்தை வாங்கும்போதும், வாங்காமலே எடுத்தாளும்போதும், பெயரைத் துண்டித்துவிடுகின்றோம். இவ்வழக்கம் கவனக்குறைவு மாத்திரமன்று. இது ஓர் அநீதி என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்வநீதிக்குச் சார்பாகச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

"படத்தை எடுப்பது கருவிதானே, விரலால் அமுக்குவதில் என்ன கலை இருக்கின்றது?" என்பது முதலாவது நியாயம். கைத்தொலைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்ட இக்காலத்தில் இக்கூற்றுக்கு வலிமை மிகுந்துள்ளது. இதற்கான விடையை நமது நிலத்தின் பெயர்களே தருகின்றன. வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குகின்றோம். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு, ஒளியினாலேயே தம் நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் நாம். அந்த ஒளியே புகைப்படக் கலைஞரின் மூலப்பொருள்.

விடியற்பொழுதில் படுவான்கரையில் நின்று கிழக்கே நோக்கி, வீச்சுவலை எறியும் தோணிக்காரரைப் படமெடுத்தால், அவர் செவ்வானத்தின் முன்னே ஒரு கருநிழலாகத் தோன்றுவார். எழுவான்கரையில் நின்று மேற்கே நோக்கி எடுத்தால், அதே வெயில் அவர் முகத்தில் விழும்; முகத்தின் சுருக்கமும், வலைக்கயிறு உராய்ந்து காய்த்த கையும் தெரியும். முன்னையது நாட்காட்டிக்கும் உல்லாசப் பயண விளம்பரத்துக்கும் உகந்தது. பின்னையது ஓர் உழைப்பாளியின் உருவம். எந்தக் கரையில் நிற்பது என்ற தெரிவினைக் கருவி செய்வதில்லை, கலைஞரே செய்கின்றார். வலை வானில் வட்டமாக விரிந்து நிற்பது ஒரு கணந்தான். அக்கணத்துக்காக எத்தனை எறிதல்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதை, கரையில் நின்று பார்த்தவரே அறிவர்.

கூத்துக் களரியும் அவ்வாறானதே. வடமோடியாயினும் தென்மோடியாயினும், வட்டக் களரியில் கூத்தர் எப்பொழுது எத்திசைக்குத் திரும்புவார் என்பது தாளத்தில் இருக்கின்றது. வரவாட்டத்தின் தாளம் தீரும் கணத்தைச் செவியால் முன்னுணராதவர் எடுக்கும் படத்தில், கூத்தரின் முதுகே எஞ்சும். எனவே, நமது பிரதேசத்தில் நல்ல கூத்துப் படம் எடுப்பவர் மத்தளத்தைக் கேட்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். வைகாசியில் நிகழும் கண்ணகி அம்மன் சடங்கிலோ, எங்கே கமெராவைத் தாழ்த்திக் கைகூப்பி நிற்க வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். இவ்வறிவு எந்தக் கருவிப் பெட்டியினுள்ளும் அடைத்து விற்கப்படுவதில்லை.

இரண்டாவது நியாயம் சற்று நுட்பமானது. படித்தவர் வாயிலிருந்தே பெரிதும் வருவது. "இவர்கள் கல்யாண வீட்டிலும் பூப்பு நீராட்டு விழாவிலும் கூலிக்குப் படமெடுப்பவர்கள், கூலிக்குச் செய்வது தொழில், கலையன்று" என்பது அது. இவ்வாறு கூறுவோர் இலங்கையின் புகைப்படக் கலைக்கு உதாரணமாக லயனல் வென்ட் அவர்களின் பெயரைச் சுட்டுவர். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த வென்ட் ஒப்பற்ற கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயின், அவர் சட்டத்தரணியாகத் தகுதி பெற்றவர். பியானோ இசையில் வல்லவர். கொழும்பின் வசதி படைத்த குழாத்தைச் சார்ந்தவர். புகைப்படத்தை விற்று உலை வைக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. அவருக்கு வாய்த்த ஓய்வைக் கலையின் இலக்கணமாக்கி, அவ்வோய்வு வாய்க்காத ஒருவரைக் கலைஞர் வரிசையிலிருந்து விலக்குவது வர்க்கப் பாகுபாடேயன்றித் திறனாய்வு ஆகாது.

வாவிக்கரைக் கலைஞரின் ஆண்டு எவ்வாறு கழிகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்கள் நெருக்கும். இரவு பகலாக வேலை. ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாணம் இல்லை, வருமானமும் இல்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரத்தில் வில்லையினுள் பூஞ்சணம் படியும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். முற்பணம் கொடுத்தவர் மீதிப் பணத்துக்கு நாட் குறிப்பார். அல்பம் அச்சிட்டவரோ உடனே பணம் கேட்பார். மாதச் சம்பளக்காரருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழில்கொள்வோர் அதற்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 வீதம் செலுத்த வேண்டும். தொழில்கொள்வோரே இல்லாத இவருக்கு அந்த 12 வீதத்தை எவர் செலுத்துவர்? 2020இல் ஊரடங்கு வந்து கல்யாண மண்டபங்கள் மூடப்பட்டபோது இவர்தம் வருமானமும் அடைபட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, இறக்குமதியாகும் கமெராவும் வில்லையும் எட்டாக் கனியாயின. இத்தனைக்கும் நடுவிலே, கல்யாண வீட்டு வேலை முடிந்து திரும்பும் வழியில், வாவியின் மேல் நிலவு எழுவதைக் கண்டு வண்டியை நிறுத்தும் மனம் எஞ்சியிருக்கின்றதே, அதற்குக் கலை என்பதன்றி வேறு பெயர் உண்டா? அம்மனத்துக்குக் கருவியும் பயிற்சியும் அளித்ததும், நாம் இகழும் அக்கல்யாண வீட்டு வேலையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கூலி பெற்றதனால் கலை குன்றும் என்பது நம் மரபும் அன்று. தஞ்சைப் பெரியகோவிலின் கல்வெட்டுகள், இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், அவர்களுக்கு உரிய நெற்பங்கினையும் ஒருங்கே பொறித்துள்ளன. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரும் அங்கு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரையும் கூலியையும் சேர்த்தே கல்லில் வெட்டியது தமிழ். அத்தமிழின் பெயரால் சங்கம் அமைத்த நாம், கூலியைக் காரணங் காட்டிப் பெயரை மறுக்கின்றோம்! நம் காலத்துச் சான்றும் தமிழகத்திலிருந்தே கிடைக்கின்றது. துப்புரவுத் தொழிலாளரின் வாழ்வைப் படமாக்கி, 2022இல் தயானிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதைப் பெற்ற மதுரைப் பகுதியின் மு. பழனிகுமார், மீன் விற்ற தாய் கடன்பட்டு வாங்கித் தந்த கமெராவுடன் புறப்பட்டவர். ஓய்வும் செல்வமும் இல்லாத வீட்டிலிருந்தே அக்கலை வந்தது.

மூன்றாவது நியாயம் கேட்பதற்கு இனிமையானது. "வாவி ஊருக்குப் பொது, படமும் ஊருக்குப் பொது, மலரில் வருவதே அவருக்குப் பெருமைதானே" என்பர். வாவி பொது என்பது உண்மை. ஆனால், வாவி பொதுவாக இருப்பதனால் அதில் பிடிபட்ட மீனை எவரும் விலையின்றி அள்ளிச் செல்வதில்லை. வலைஞரின் உழைப்பை மதிக்கும் நாம், படத்தின் பின்னாலுள்ள உழைப்பை மதிக்க மறுப்பது ஏன்?

உலகெங்கும் புகைப்படக் கலைஞர்கள் இவ்வுரிமைக்காகப் போராடியே வந்துள்ளனர். 1947இல் ரொபேட் கப்பா, ஹென்றி கார்ட்டியே பிரெசோன், ஜோர்ஜ் ரொட்ஜர், டேவிட் செய்மூர் ஆகியோர் 'மக்னம்' என்ற கூட்டுறவு அமைப்பை நிறுவினர். படத்தின் உரிமை சஞ்சிகைக்கன்று, எடுத்தவருக்கே என்பது அதன் அடிப்படைக் கொள்கை. சட்டமும் நெடுந்தூரம் நடந்து வந்துள்ளது. பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மூலச்சுருளை உடைமையாகக் கொண்டவரையே படத்தின் ஆக்குநராகக் கருதியது. 1979இல் புலமைச் சொத்துச் சட்டக்கோவை இயற்றப்படும்வரை இலங்கையிலும் அச்சட்டமே நிலவியது. இன்றுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ, பாதுகாக்கப்படும் படைப்புகளுள் புகைப்படத்தையும் சேர்த்து, படைப்பின் பிரதிகளில் தம் பெயர் துலங்கக் குறிக்கப்பட வேண்டும் எனக் கோரும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகின்றது. ஆகவே, பெயரிடுவது நாம் மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. சட்டம் ஏற்ற உரிமை.

இவ்வுரிமை கலைஞருக்கு மட்டும் பயன் தருவது எனக் கருதுதலும் தவறு. பெயரும் இடமும் ஆண்டும் இல்லாத படம் வரலாற்றுக்குச் சான்றாகாது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என நாம் வழங்கும் மிதவையே இரு கரையையும் இணைத்தது. இன்று அங்கே அதைக் காண்பதற்கில்லை, படங்களே உள்ளன. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் எழுந்தது. பழைய பாலத்தின்மீது வாகனங்கள் ஒற்றை வரிசையாகக் காத்துக் கடந்த காட்சியும் இனிப் படத்தில்தான். 1978 நவம்பரில் சூறாவளி வந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இடையிலும் பின்னும் நெடிய போர் நிலவியது. சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தையும் இறந்த பெற்றோரின் ஒரே உருவப் படத்தையும் நீரில் இழந்த குடும்பங்கள் நாவலடியில் உண்டு. அத்தகையோர்க்கு, அப்படத்தை எடுத்தவர் யார் எனத் தெரிந்திருந்தால், அவரிடம் மூலப்பிரதி இருக்குமா எனத் தேடிச் செல்லவேனும் ஒரு வழி இருந்திருக்கும். பெயரை அழிப்பது அவ்வழியையும் அழிப்பதாகும்.

இங்கே கலைஞர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. 1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், குழந்தைகளோடு கூடாரத்தில் இருந்த ஓர் ஏழைத் தாயை டொரொதியா லாங்கே படமெடுத்தார். எடுத்தவர் பெயர் உலகறிந்தது. படத்திலிருந்த புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெண்ணின் பெயரோ 1978இலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கரைக்கு வந்த கமெராக்களும், அழுதுநின்ற எத்தனையோ தாய்மாரைப் பெயரின்றியே எடுத்துச் சென்றன. தம் பெயருக்கு உரிமை கோரும் கலைஞர், தோணிக்காரரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். நிழலுருவை விடுத்து முகத்தை எடுப்பதன் முழுப்பொருளும் அதுவே.

இனிச் செய்ய வேண்டியது யாது? நம் கையில் உள்ளதிலிருந்தே தொடங்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் வெளியிடும் எந்த இதழிலும், படத்தின் கீழே எடுத்தவர் பெயர், இடம், ஆண்டு, படத்திலுள்ளோர் விரும்பின் அவர்தம் பெயர் ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். எடுத்தவர் யார் எனக் கண்டறிய முடியாத படத்தை அட்டையில் இடலாகாது. அச்சகத்துக்கும் தாளுக்கும் பணம் ஒதுக்கும் வரவு செலவுத் திட்டத்தில், படத்துக்கும் ஒரு தொகை, சிறிதாயினும், ஒதுக்கப்பட வேண்டும். கூத்தைப் பற்றியும் வாவியைப் பற்றியும் ஆய்வேடு எழுதும் மாணவரும் விரிவுரையாளரும், நூலுக்கு அடிக்குறிப்பு இடுவது போலப் படத்துக்கும் இடுதல் வேண்டும். பிறர் எழுதிய ஒரு வரியைப் பெயர் குறிப்பிடாது எடுத்தாண்டால் அதைத் திருட்டு என்கின்றோம். பிறர் எடுத்த படத்தை அவ்வாறு எடுத்தாண்டால் மட்டும் அதற்கு 'அலங்காரம்' என்று பெயரிடுகின்றோம். இவ்விரட்டை நீதியைக் கைவிடும் முதற் பொறுப்பு, நீதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நமக்கே உரியது.