தலைப்பலகையில் எழுதிய பெயர்



நமது பாடற்குழுவின் எலக்ட்ரிக் கிட்டார் பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கச் சபைக் குழு ஒரு தொகையை ஒதுக்கியது. ஒதுக்கிய நாளிலிருந்து வாலிபரிடையே சமாதானம் குலைந்துவிட்டது. ஒரு சாரார் ஃபெண்டர் என்கிறார்கள். மறு சாரார் கிப்ஸன் என்கிறார்கள். "கிப்ஸன் வாங்கப் பணம் போதாதென்றால் இன்னும் ஓராண்டு காத்திருப்போம்" என்று ஒருவர் சொல்ல, "அப்படியானால் நான் வாசிக்க வரவில்லை" என்று மற்றவர் சொல்லியிருக்கிறார். சிறுவயது முதல் ஒன்றாய்ப் பாடி வளர்ந்த இருவரும் சென்ற ஞாயிறன்று ஒரே பெஞ்சில் அமரவில்லை. "போதகர் ஐயா, நீங்களே சொல்லுங்கள்" என்று இரு தரப்பாரும் என்னிடம் வந்தார்கள். இறையியல் கல்லூரி விடுதியில் படிப்புக்கு நடுவே கிட்டார் வாசித்துப் பழகியவன் என்ற உரிமையோடு என் கருத்தை எழுதுகிறேன்.

முதலாவது, இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் விளம்பரம் அன்று. அது மரத்திலும் கம்பியிலும் இருக்கிற உண்மையான வேறுபாடு. அதை அறியாத பெரியோர், "எல்லாம் ஒன்றுதானே, எதையாவது வாங்குங்கள்" என்று சொல்லுவது வாலிபருக்குச் செய்யும் அநீதி.

கிப்ஸன் மூத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில் மாண்டலின் செய்துவந்த ஆர்வில் கிப்ஸனின் பெயரால் 1902இல் அந்நிறுவனம் தொடங்கியது. வயலினைப்போல் மரத்தைக் குடைந்து வளைவாகச் செதுக்குவது அவர்களுடைய மரபு. ஃபெண்டர் வேறு வழியில் வந்தது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. தாம் செய்த கருவியை வாசிப்பவர்களின் கையில் கொடுத்தார். அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தினார். அப்படி 1950இல் விற்பனைக்கு வந்து, மறு ஆண்டில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது ஒன்று. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மற்றொன்று. கிப்ஸன் நிறுவனம் தன் லெஸ் பால் கிட்டாரை 1952இல் வெளியிட்டது.

கையில் எடுத்தவுடனே வேறுபாடு தெரியும். ஃபெண்டரில் கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலம், கிப்ஸனில் ஏறத்தாழ 24.75 அங்குலம். முக்கால் அங்குலம் அற்பமாய்த் தோன்றலாம். ஆயினும் ஒரே தடிப்புள்ள கம்பியை ஒரே சுருதிக்கு முறுக்கினால் ஃபெண்டரில் இழுவிசை ஏறக்குறைய 6 விழுக்காடு கூடும். ஆகவே ஃபெண்டர் விரலுக்குச் சற்று விறைப்பாக இருக்கும். கிப்ஸனில் கம்பி இளகி வளைந்துகொடுக்கும். எடையோ இதற்கு நேர்மாறு. மஹோகனி உடலும் அதன்மேல் மேப்பிள் மூடியும் கொண்ட லெஸ் பால் நான்கு கிலோவைத் தாண்டுவது வழக்கம். இரண்டு மணிநேர ஆராதனையில் அதைத் தோளில் சுமப்பவருக்கு அதன் பொருள் விளங்கும்.

ஓசையின் வேறுபாடு பிக்கப்பில் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றிச் செம்புக்கம்பி சுற்றிய அந்தச் சிறு பெட்டியே கம்பியின் அதிர்வை மின்னாக்குகிறது. ஃபெண்டரில் வழக்கமாக ஒரே சுருள். அதன் ஓசை தெளிந்தது, கூர்மையானது, மணி ஒலிப்பதுபோல் தனித்து நிற்பது. ஆனால் ஒற்றைச் சுருள் சுற்றிலுமுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிவிடும். நம் ஆலயத்தில் பாடல் நின்ற அமைதியில் கேட்கும் "ம்ம்ம்" என்ற முனகலுக்குக் காரணம் அதுவே. அதை நீக்கவே கிப்ஸனில் பணிபுரிந்த சேத் லவர் 1955இல் ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஓசையோ இரண்டிலும் கூடி வரும். ஹம்பக்கர் எனப்படும் இதன் ஓசை தடித்தது, வெதுவெதுப்பானது, நீண்டு ஒலிப்பது.

இனித் தரத்திற்கு வருவோம். இங்கேதான் நம் வாலிபரோடு நான் மாறுபடுகிறேன். பெயரே தரத்திற்கு உத்தரவாதம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்பெயர்களின் வரலாறோ வேறு விதமாய்ச் சாட்சி கூறுகிறது. 1965இல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் என்னும் பெரிய ஒலிபரப்பு நிறுவனம் 130 இலட்சம் டாலருக்கு வாங்கியது. பெயர் அதேதான், வடிவமும் அதேதான். ஆயினும் 1970களின் கருவிகளில் வேலைப்பாடு தளர்ந்தது என்பது வாசிப்பவர்களிடையே பரவலான கருத்து. 1985இல் அங்குப் பணியாற்றியவர்களே கூடி அதை மீட்டு வாங்கினார்கள். கிப்ஸனும் 1969இல் கைமாறி அதேபோன்ற குறை கேட்டது. 1984இல் கலமஸூ தொழிற்சாலை மூடப்பட்டது; அங்கேயே தங்கிவிட்ட தொழிலாளர் சிலர் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். சிந்தித்துப் பாருங்கள். கைகள் ஓரிடத்தில், பெயர் வேறிடத்தில். தரம் எதனோடு சென்றது?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட லெஸ் பால் கிட்டார்கள் இன்று சேகரிப்பாளர்கள் பெருஞ்செல்வம் கொடுத்து வாங்கும் பொருள்கள். அன்றோ அவை சரியாக விற்கவில்லை. நிறுவனமே அந்த வடிவத்தைக் கைவிட்டு, 1968இல்தான் மீண்டும் செய்யத் தொடங்கியது. மரம் மாறவில்லை, மனிதரின் மதிப்பீடு மாறியது.

சென்ற மாதம் பயிற்சி முடிந்த ஒரு மாலையில் ஒரு சிறு சோதனை செய்தோம். நண்பர்களிடம் இரவல் வாங்கிய நான்கு கிட்டார்களை ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, திரைக்குப் பின்னால் ஒரே பாடலை ஒருவரே வாசித்தார். இரண்டு விலையுயர்ந்தவை, இரண்டு அதே வடிவில் செய்த மலிவானவை. திரைக்கு முன்னால் இரு கட்சியாரும், மூப்பர் இருவரும், நானும் அமர்ந்திருந்தோம். ஒற்றைச் சுருளா இரட்டைச் சுருளா என்பதை ஏறக்குறைய எல்லாரும் சரியாகச் சொன்னோம். எது விலையுயர்ந்தது என்று சொல்லச் சொன்னபோது வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னோம். கையில் எடுத்து வாசித்தவரோ வேறுபாட்டை உணர்ந்தார். ஃப்ரெட் ஓரங்களின் மென்மையும் முறுக்காணியின் உறுதியும் விலையுயர்ந்தவற்றில் மேலாக இருந்தன என்றார். அதையும் நான் மறைக்கவில்லை. பணத்திற்கு ஏதோ கிடைக்கிறது. ஆனால் கிடைப்பதில் பெரும்பகுதி வாசிப்பவரின் கைக்கே. கேட்பவரின் காதுக்கு அன்று.

"கர்த்தருடைய வீட்டுக்குச் சிறந்ததையே கொடுக்க வேண்டாமா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. கேட்டவரின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் சிறந்தது என்பதும் விலையுயர்ந்தது என்பதும் ஒரே சொல் அல்ல. சுருதி சேராத கிப்ஸன் சிறந்ததன்று. துருப்பிடித்த கம்பியோடு நிற்கும் ஃபெண்டரும் சிறந்ததன்று. ஆராதனைக்குச் சிறந்த கருவி, சபையார் பாடும்போது அவர்களைத் தாங்கி நிற்பதே.

ஆலயத்திற்கும் எலக்ட்ரிக் கிட்டாருக்குமுள்ள உறவு பழமையானது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 1915இல் பிறந்த சிஸ்டர் ரோஸெட்டா தார்ப், ஊழியம் செய்த தாயோடு சிறுமியாக இருந்தபோதே சபைக் கூட்டங்களில் கிட்டார் வாசித்துப் பாடினார். 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட இரயில் நிலையம் ஒன்றில், மழை பெய்த நாளில், வெள்ளைநிற கிப்ஸன் கிட்டாரோடு அவர் பாடிய காட்சி தொலைக்காட்சிக்காகப் பதிவானது. பார்த்துவிட்டு, "அந்தக் கிப்ஸன்தான் வேண்டும்" என்று நம் தம்பி சொன்னார். அதே பெண்மணி முன்னாட்களில் வேறு நிறுவனத்தின் உலோக உடல் கிட்டாரை வாசித்தபோதும் ரோஸெட்டா தார்ப்பாகவே இருந்தார் என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

ஆகவே என் கருத்து இதுதான். இரண்டில் எதையும் இப்போது வாங்க வேண்டாம். வடிவிலும் நீளத்திலும் ஃபெண்டரைப் போன்று, கழுத்துப் பக்கமும் நடுவிலும் ஒற்றைச் சுருளும், பாலத்தின் அருகே ஹம்பக்கரும் கொண்ட நடுத்தர விலைக் கிட்டார் ஒன்றை வாங்குவோம். யமஹாவின் பசிஃபிகா 112 இவ்வகையைச் சேர்ந்தது. மெதுவான துதிப்பாடலுக்குத் தெளிந்த ஓசை வேண்டும். கைதட்டிப் பாடும் பாடலுக்குத் தடித்த ஓசை வேண்டும். நமக்கு இரண்டும் தேவை. இரண்டு கிட்டார் வாங்க நம்மால் இயலாது. மேலும் இதன் கழுத்து, ஃபெண்டரைப்போல் திருகாணியால் பொருத்தப்பட்டது. கெட்டால் கழற்றி மாற்றலாம். கிப்ஸனில் கழுத்து உடலோடு ஒட்டப்பட்டது. தலைப்பலகையும் பின்னோக்கிச் சாய்ந்தது. கீழே விழுந்தால் முறிவது பெரும்பாலும் அந்த இடமே. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் மேடையில் ஓடி விளையாடும் நம் ஆலயத்தில் இதையும் எண்ண வேண்டும்.

மிஞ்சும் பணத்தில் நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்குவோம். கிட்டாரை விவரமறிந்த ஒருவரிடம் கொடுத்து, கம்பியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சீர்செய்வோம். மழைக்காலத்து ஈரத்தில் மரம் அசையும் நம் நாட்டில் ஆண்டுக்கு இருமுறையாவது அதைச் செய்ய வேண்டும். விலையுயர்ந்த பெயரை வாங்கிவிட்டு இவற்றுக்குக் காசில்லாமல் நிற்பதைவிட இது மேல். சொந்தப் பணத்தில் சொந்த வீட்டில் வாசிக்கிறவருக்கு இவ்வாலோசனை பொருந்தாது. லெஸ் பாலின் நீண்ட ஓசையில் எனக்கே ஆசையுண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஆனால் இது சபையாரின் காணிக்கை. விதவை கொடுத்த நூறு ரூபாயும் அதில் இருக்கிறது.

முடிவாக, பெஞ்சு மாறி அமர்ந்த அந்த இருவருக்கும் ஒரு வார்த்தை. கிட்டாரின் கழுத்துக்குள்ளே, மரத்தில் மறைந்து, ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகளின் இழுப்புக்குக் கழுத்து வளைந்துபோகாமல் காப்பது அதுவே. அதற்கு 1920களில் காப்புரிமை பெற்றது கிப்ஸன். இன்று ஒவ்வொரு ஃபெண்டரின் கழுத்திலும் அத்தகைய கம்பி இருக்கிறது. கனமரத்தில் செய்த கிட்டாரும் விற்கும் என்று 1950இல் சந்தைக்குக் காட்டியது ஃபெண்டர். லெஸ் பால் அதன் பின்னரே வந்தது. போட்டியாளர் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுத்தான் நிமிர்ந்து நிற்கிறார்கள். அவர்களுடைய கட்சிக்காரராகிய நீங்கள் இருவரும் பேசாமல் இருப்பது முறையா?

வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடைக்குப் போகிறோம். நீங்கள் இருவரும் என்னோடு வர வேண்டும். நான் வாசிக்கமாட்டேன். நீங்கள் மாறி மாறி வாசியுங்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கண்களை மூடிக் கேளுங்கள். இருவரும் ஒருமித்துச் சொல்லும் கிட்டாரையே வாங்குவோம், தலைப்பலகையில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும்.

உங்கள் போதகர்