வண்டி ஏன் கிளம்பவில்லை?

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. தாம்பாளமும் பழங்களும் பின் ஆசனத்தில் ஏறிவிட்டன, பாட்டியும் ஏறிவிட்டாள். வீட்டு எஜமானர் சாவியைத் திருப்புகிறார். வண்டி கிளம்பவில்லை. அடுத்த ஐந்து நிமிஷத்துக்குள் அந்த மோட்டாரைச் சுற்றி ஒரு வைத்திய சபையே கூடிவிடுகிறது. "பாட்டரி போய்விட்டது, ஸார்!" என்கிறார் எதிர் வீட்டுக்காரர். "பெட்ரோல் பம்பாகத்தான் இருக்கும்" என்கிறார் தெருவோடு போகிறவர். "எலி கம்பியைக் கடித்திருக்கும், பாருங்கள்" என்கிறார் மூன்றாமவர்.

மூவர் சொல்வதும் நடக்கக் கூடியதுதான். ஆனால் அவர்களில் ஒருவராவது, "சாவியைத் திருப்பியபோது வண்டி என்ன செய்தது?" என்று கேட்டாரா? நாடியைப் பார்க்காமலே மருந்து எழுதும் வைத்தியரிடம் நாம் போவதில்லை; மோட்டார் விஷயத்தில் மட்டும் அப்படிப்பட்டவர்களை நம்பிப் பணத்தை அவிழ்த்துவிடுகிறோம்.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் உண்டு. ஒன்று, பரிபூரண நிசப்தம். இரண்டு, 'டக் டக்' என்ற சத்தம், அல்லது சோம்பேறியை எழுப்பினாற்போல் ஒரு முனகல். மூன்று, எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது. ஆனால் உயிர் பிடிக்கவில்லை. முதல் இரண்டும் ஒரு குடும்பம். மூன்றாவது வேறு குடும்பம். எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தொலைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் தானாக ஓடத் தொடங்குமுன் யாராவது அதைச் சுழற்றிவிட வேண்டும். ஆதி நாட்களில் வண்டியின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி மனிதனே சுழற்றினான். எஞ்சின் பின்னுக்கு உதைத்து மணிக்கட்டை முறித்ததும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் இடம்பெற்றது. அது பரவப் பரவ, கையின் வேலை பாட்டரியின் தலையில் விழுந்தது.

அது லேசான வேலை அல்ல. "ஹாரன் அடிக்கிறதே, பாட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பலர் வாதிப்பார்கள். 55 வாட் முன்விளக்கு ஒன்றுக்கு ஐந்து ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும். ஸ்டார்ட்டருக்கோ நூறு ஆம்பியருக்கு மேலும் வேண்டியிருக்கும். ஒரு செம்பு ஜலம் மொண்டுகொள்ள இடம்கொடுக்கும் கிணறு, ஏற்றம் கட்டி இறைக்கவும் இடம்கொடுக்கும் என்பது என்ன நிச்சயம்?

ஆகையால் இப்படிச் சோதிக்க வேண்டும். முன்விளக்கைப் போட்டு, வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழும்படி செய்து, சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்துபோனால், குற்றம் அநேகமாகப் பாட்டரியில் அல்லது அதன் இணைப்புகளில் இருக்கிறது. விளக்கு சிறிதும் மங்காமல் இருந்து, வண்டியும் மௌனமாக இருந்தால், மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். அப்போது கியர் சரியான நிலையில் இருக்கிறதா, கிளட்சை முழுவதும் மிதித்தோமா என்று பாருங்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியானால், சாவிக்குள் இருக்கும் காசு போன்ற சிறு பாட்டரியையும் சந்தேகிக்கலாம்.

வோல்ட் அளக்கும் கருவி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு வோல்ட் பாட்டரி பன்னிரண்டு காட்டினால் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அதற்குள் இருப்பவை ஆறு அறைகள். அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். நிறைந்து ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பன்னிரண்டு என்றால் கிட்டத்தட்ட வற்றிவிட்டது என்று பொருள்.

எங்கள் தெருவில் ஒரு நண்பர். அவர் வண்டி ஒருநாள் 'டக் டக்' என்றதோடு நின்றது. பட்டறைக்காரர் புதுப் பாட்டரி மாட்டினார், வண்டி கிளம்பிற்று, சில ஆயிரம் ரூபாய் கைமாறிற்று. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே 'டக் டக்'. "வாத்தியார் ஸார், புதுப் பாட்டரியும் போலி போலிருக்கிறதே!" என்று அங்கலாய்த்தார். பிறகு வந்த மெக்கானிக் பாட்டரியைத் தொடவே இல்லை. அதிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் கம்பியின் மறுமுனையைப் பார்த்தார். அந்தத் திருகு துருவேறித் தளர்ந்திருந்தது. சுரண்டித் துடைத்து முடுக்கினார், அவ்வளவுதான். பாட்டரியை மாற்றியபோது கம்பி சற்று அசைந்து, தற்காலிகமாகத் தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. புகழ் பாட்டரிக்குப் போயிற்று!

கஷாயம் சாப்பிட்ட பிறகு ஜுரம் இறங்கியது என்பதனாலேயே கஷாயம்தான் இறக்கிற்று என்று ஏற்படாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். செலவில்லாததை முதலில் மாற்ற வேண்டும். பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்து இறுக்குவதற்குக் காலணா செலவில்லை. ஆனால் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். அதன் அருகில் நெருப்பும் பொறியும் ஆகாது.

இனி மூன்றாவது பதில். எஞ்சின் சுழல்கிறது, பற்றவில்லை. பெட்ரோல், காற்று, பொறி மூன்றும் வேளையோடு சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். டீஸல் வண்டிக்குப் பொறி கிடையாது. காற்றை நெருக்கும்போது உண்டாகும் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். பெட்ரோல் முள்ளை முதலில் பாருங்கள், சிரிக்க வேண்டாம். பிறகு சாவியைப் பாதி திருப்பிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அநேக பெட்ரோல் வண்டிகளில் பின்புறமிருந்து ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்பின் குரல். திருட்டைத் தடுக்கும் விளக்கு ஓயாமல் மின்னினால், வண்டி சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று கொள்ளலாம். எஞ்சின் வழக்கத்தைவிட லேசாகவும் வேகமாகவும் சுழன்றால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே உள்ள டைமிங் பெல்ட் அறுந்திருக்கக் கூடும்.

இவ்வளவு சோதனையும் ஒரே ஒரு சமயத்தில் கூடவே கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் புகுந்து எத்தனையோ வண்டிகள் ஜலத்தில் நின்றன. ஜலம் வடிந்ததும், "கிளம்புகிறதா, பார்ப்போமே!" என்று சாவியைத் திருப்புவதுதான் மனித சுபாவம். காற்றை நெருக்கலாம், ஜலத்தை நெருக்க முடியாது. எஞ்சினுக்குள் ஜலம் புகுந்திருந்தால், மேலேறும் பிஸ்டன் அதில் மோதி நிற்கும். அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். துடைத்து உலர்த்திப் பிழைக்க வைத்திருக்கக் கூடிய எஞ்சின், அந்த ஒரு திருப்பலில் பாழாகிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் சாவியைத் தொடாமல், பாட்டரி இணைப்பைக் கழற்றச் செய்து, இழுத்துக்கொண்டு போகச் சொல்வதே புத்திசாலித்தனம்.

மற்றச் சமயங்களில், மெக்கானிக்கைக் கூப்பிடும்போது கண்டதைச் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். "பாட்டரி போய்விட்டது" என்பது முடிவு. "சாவியைத் திருப்பினேன், 'டக் டக்' என்றது, விளக்கு மங்கிற்று, நேற்று மாலைவரை சரியாக ஓடியது" என்பது கண்டது. முன்னதைச் சொன்னால் அவர் பாட்டரியோடு வந்து சேர்வார். பின்னதைச் சொன்னால் யோசித்துக்கொண்டே வருவார். வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால், அந்த விவரங்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதும் வேலையை அவர்களிடம் ஒப்புவியுங்கள். நாளைக்கு வைத்தியரிடம் போனாலும் அவர்களுக்கு அந்தப் பழக்கம் உதவும்.