தலை போனாலும் பாடும் தாத்தா

கழுத்துல பாம்பு, கண்ணைச் சுத்திக் கறுப்பு மை, க்ளைமாக்ஸ்ல கில்லட்டின்ல தலை துண்டிப்பு. ஆலிஸ் கூப்பர் ஷோவை முதல்தடவை பார்த்தா, "இது என்னடா கூத்து?"னு தோணும். கூத்தேதான் மக்களே! ஆனா 1948-இல் பிறந்து, 1972-இல் 'ஸ்கூல்ஸ் அவுட்' பாட்டால் புகழின் உச்சிக்குப் போனவர், எழுபது வயதைத் தாண்டியும் அதே கூத்தைக் கட்டினார். எப்படி?

ஆலிஸ் என்பது வேஷம். பெற்றோர் வைத்த பேர் வின்சென்ட் ஃபர்னியர். எழுபதுகளில் வேஷம் எது, ஆள் எதுன்னு அவருக்கே குழம்பிப் போச்சு. குடி அவரை மருத்துவமனையில் தள்ளியது. எண்பதுகளில் குடியை விட்டார், கோல்ஃப் மட்டையைப் பிடித்தார். 1989-இல் 'பாய்சன்' மறுபடி ஹிட். அதன்பிறகு ஆலிஸைப் பற்றிப் பேசும்போது "அவன்"னு மூணாம் மனுஷனாகத்தான் சொல்வார். ஆலிஸுக்கு இடம் மேடை மட்டும்.

அவரைக் காப்பாத்தினது மேக்கப் இல்ல, மேக்கப்பைக் கலைக்கத் தெரிஞ்சதுதான் என்பது என் கட்சி. கல்ச்சுரல்ஸ்லயும் இன்ஸ்டாவுலயும் நாமளும் வேஷம் கட்டுறோம். தாராளமா கட்டுங்க! ஹாஸ்டல் ரூமுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிட்டுத் தூங்குங்க.