ஓடுறதுக்கு ஒரு வெளிச்சம்

எமர்ஜென்சி லைட்டுன்னா நம்ம பக்கம் என்ன அர்த்தம்? கைப்பிடி வச்ச ஒரு பொட்டி. கரண்டு போனா பரீட்சைக்குப் படிக்கலாம், சோறு சாப்பிடலாம். 2012ல தமிழ்நாடே மணிக்கணக்கா இருட்டுல கெடந்தப்ப அது இல்லாத வீடு கம்மி. ஆனா கட்டடத்துச் செவுத்துலயும் படிக்கட்டுலயும் மாட்டுற எமர்ஜென்சி லைட் வேற சமாச்சாரம். அது படிக்கிறதுக்கில்ல, வெளிய ஓடுறதுக்கு. இருட்டுக்கு இவ்வளவு பழகிப்போன நமக்கு இந்த வித்தியாசம் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஒரு விஷயத்தை முதல்லயே தள்ளி வச்சிடறேன். ஏழாயிரம்பண்ணைன்னு சொன்னதும் பலருக்கு ஞாபகம் வர்றது 2021 பிப்ரவரி 12ல பக்கத்து அச்சங்குளத்துல நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்து. அந்த மாதிரி விபத்துக்கு எமர்ஜென்சி லைட் மருந்தில்ல. மருந்துக் கலவை நடக்குற அறைக்குள்ள கரண்டு வேலையே வச்சுக்கறதில்ல, பகல் வெளிச்சத்துலதான் வேலை, செல்போனுக்குத் தடை. அங்க வயர்லெஸ் லைட் மாட்டுறேன்னு எவனாவது வந்தா கேட்டோட திருப்பி அனுப்பணும். நான் பேசுறது மத்த கட்டடங்களைப் பத்தி. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாத்தூர் சிவகாசியில இருக்குற மாடி வச்ச ஜவுளிக்கடை, அச்சகம்.

தீப்பொறியோட குணம் இந்த மண்ணுல சின்னப்புள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனா மண்டபத்துக்குள்ள போனதும் அத மறந்துடறோம். 2004 ஜனவரி 23ல ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல தீப்பிடிச்சு மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கு முன்னாடி, 1997 ஜூன் 13ல டெல்லி உபஹார் தியேட்டர்ல 59 பேர். கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மர்ல பிடிச்ச தீ, மேல பால்கனியில இருந்தவங்களைப் புகையாலயே கொன்னுச்சு. கூடுதல் சீட்டுப் போட்டு வழியை அடைச்சிருந்தாங்க. கரண்டு போய் ஹாலே இருட்டு, அவசர விளக்கும் எரியல. வழி தெரியாம நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் புகை உள்ள போகுது, அவ்வளவுதான் கணக்கு.

நம்ம தேசிய கட்டட விதித்தொகுப்பு இதுக்கு அளவு சொல்லியிருக்கு. கரண்டு போனதும் தானா எரியணும். வெளியேறும் வழியோட நடுவுல, தரை மட்டத்துல 10 லக்ஸ் வெளிச்சம் வேணும். குறைஞ்சது ஒன்றரை மணி நேரம் நிக்கணும். "அதான் ஜெனரேட்டர் இருக்கே"ன்னு மண்டபத்துக்காரர் சொல்வாரு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கவே சில வினாடி ஆகும். பல இடத்துல ஒரு அண்ணாச்சி பந்தியில இருந்து எந்திரிச்சுப் போய்த்தான் அத ஸ்டார்ட்டே பண்ணணும். தீ வயரிங்குல பிடிச்சிருந்தா ஜெனரேட்டர் கரண்டும் அதே வயர் வழியாத்தான் வரணும். அதனாலதான் ஒவ்வொரு லைட்டுக்குள்ளயும் தனித்தனியா பேட்டரி.

பிரச்சினையே அந்த பேட்டரிதான். அது சத்தம் போடாமச் சாகும். நம்ம கத்திரி வெயில்ல இன்னும் சீக்கிரமா. வெளியில பாத்தா சின்ன பச்சை விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கும், உள்ள பேட்டரி பத்து நிமிஷம் கூடத் தாங்காது. மாசம் ஒரு தடவ பட்டனை அமுக்கிப் பாக்கணும், வருசம் ஒரு தடவ முழு நேரமும் எரியவிட்டுப் பாக்கணும். யார் பாக்குறா? ரெஜிஸ்டர்ல மட்டும் பன்னெண்டு மாசத்துக்கும் 'சரி' போட்டு, ஒரே பேனாவுல, ஒரே மையில கையெழுத்து இருக்கும். இந்தக் கூத்தை நீங்களும் ஏதாவது ஒரு ஆபீஸ்ல பாத்திருப்பீங்க.

இந்த இடத்துலதான் வயர்லெஸ் மானிட்டரிங் வருது. ஒவ்வொரு லைட்டுக்குள்ளயும் ஒரு குட்டி ரேடியோ. லைட் தன்னைத்தானே சோதிச்சு, ரிசல்ட்டை ஒரு கேட்வேக்கு அனுப்பும். இந்தத் தானியங்கிச் சோதனைக்குன்னே ஐஇசி 62034ன்னு சர்வதேசத் தரம் இருக்கு. ரேடியோ செத்துப்போனாலும் கரண்டு போனா லைட் தானா எரியும், ஏன்னா ரேடியோ வேவு பாக்க மட்டும்தான். விக்கிறவங்க "புதுசா வயர் இழுக்க வேண்டாம் சார்"னு சொல்வாங்க. அது பாதி உண்மை. டேட்டாவுக்குத்தான் வயர் வேண்டாம், சார்ஜ் ஏத்த கரண்டு வயர் வேணும்ல! என்னைக் கேட்டா, இதோட நிஜமான லாபம் ஒண்ணே ஒண்ணுதான்: செய்யாத சோதனைக்கு அது 'சரி' போடாது.

சரி, ஒருத்தர் வாங்கறார்னு வச்சுக்குவோம். நான் கேக்கச் சொல்ற கேள்விகள்:

1. என்ன அலைவரிசை? இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம 865-868 மெகாஹெர்ட்ஸ் பயன்படுத்தலாம். அமெரிக்காவுக்குச் செஞ்ச 915 சரக்கை இங்க தலையில கட்டப் பாப்பாங்க, உஷார்.

2. சிக்னலை எப்ப அளந்தீங்க? காலி மண்டபத்துல அளந்தது செல்லாது. கான்கிரீட் செவுரு, இரும்பு ஷட்டர், பீரோ, ஆயிரம் மனுசங்க எல்லாம் இருக்கறப்பவும் வரணும். ஷட்டரை இறக்கி விட்டு அளக்கச் சொல்லுங்க.

3. அந்தந்த ஏரியா லைட்டுக்குப் போற அதே சர்க்யூட்டுல, சுவிட்சுக்கு முன்னாடி இருந்து கரண்டு எடுத்திருக்கா? இல்லேன்னா படிக்கட்டோட எம்சிபி மட்டும் ட்ரிப் ஆனா படிக்கட்டு இருட்டாயிடும், எமர்ஜென்சி லைட்டோ "எனக்குத்தான் கரண்டு இருக்கே"ன்னு சும்மா உக்காந்திருக்கும். அதனால ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒவ்வொரு எம்சிபியா இறக்கி, ஓனரே கூட நடந்து பாத்துத்தான் பணம் தரணும்.

4. பக்கத்துப் பக்கத்து லைட்டுக்கு ஒரே நாள்ல முழுச் சோதனை வச்சிருக்காங்களா? வச்சா அன்னைக்கு ராத்திரி அந்த இடத்துல ஒண்ணுலயும் சார்ஜ் இருக்காது. மாத்தி மாத்தி வைக்கணும்.

5. ஒரு லைட் மெசேஜே அனுப்பலேன்னா திரை என்ன காட்டும்? சர்வர் மேய்க்கிற நம்மாளுங்களுக்கு இது தெரியும்: சத்தமே இல்லேன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. பேச்சு நின்னா அதையும் பழுதுன்னுதான் காட்டணும்.

நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. மின்வாரியத்தோட மாதாந்திரப் பராமரிப்பு. காலையில நிப்பாட்டுன கரண்டு பல மணி நேரம் கழிச்சு வரும். பட்டப்பகல்ல எமர்ஜென்சி லைட் எல்லாம் எரிஞ்சு பேட்டரி காலி. திரும்ப முழுசா ஏற 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். ஆக ஷட்டவுன் அன்னைக்கு ராத்திரி வரவேற்பு இருந்தா, அதுதான் மண்டபத்தோட மோசமான ராத்திரி. கணினி அத முன்கூட்டியே சொல்லணும். சொன்னா கேட்டு எதாவது பண்ண ஒரு மனுசனும் வேணும்.

சிஸ்டம் எதுவும் வாங்காமலே இதே ஷட்டவுனை இலவசச் சோதனையாவும் ஆக்கலாம். கரண்டு போனதும் மணியைப் பாத்துட்டு, எந்த லைட் எத்தனை நிமிஷம் நின்னுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுனாப் போதும். பத்து இருபது லைட் இருக்குற சின்னக் கட்டடத்துக்கு என் கட்சி இதுதான்: வயர்லெஸ் வேண்டாம், அந்தக் காசுல நல்ல பேட்டரி வாங்குங்க. பல மாடி, நூறு லைட்டு, ராத்திரியும் ஆள் இருக்குற ஆஸ்பத்திரி மாதிரி இடம்னா கண்டிப்பா வாங்குங்க. ஆனா வர்ற அலாரத்தைப் பாக்கறது இன்னாரோட வேலைன்னு பேர் எழுதி ஒட்டிட்டு வாங்குங்க. ஆள் இல்லாத திரைக்கும் அந்த ஒரே பேனா ரெஜிஸ்டருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.

அடுத்த தடவ கல்யாணத்துக்குப் போறப்ப, பந்திக்கு முந்துறதுக்கு முன்னாடி படிக்கட்டுப் பக்கம் ஒரு நோட்டம் விடுங்க மக்களே. அங்க லைட் இருக்கா, இருந்தா பட்டனை அமுக்குனா எரியுதா, வழியில சேர் அடுக்கியிருக்கான்னு பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: பட்டனை அமுக்கப் போய் மண்டபத்துக்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா கம்பெனி பொறுப்பேற்காது :-)