டிலீட் பட்டனைப் பிடுங்கி எறியுங்கள்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளி பெயர் இருக்கிற எந்த டேட்டாபேஸிலும், புரோகிராம் வழியாக ரெக்கார்டை அழிக்கும் வசதி இருக்கவே கூடாது. "ஆட் இருக்கு, எடிட் இருக்கு, டிலீட் இல்லாம ஒரு புராஜெக்டா?" என்று சண்டைக்கு வராதீர்கள். வைவாவில் மார்க் வாங்க அந்த பட்டன் சரிதான். லேபுக்கு வெளியே, நம்ம ஏரியாவில் அது என்ன செய்யும் என்று பார்ப்போம்.

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் ஏதாவது ஒரு ஃபேக்டரி கேட்டில் காலை ஷிஃப்ட் நேரத்தில் நின்று பாருங்கள். உள்ளே போகிறவர்களில் எத்தனையோ பேர் கான்ட்ராக்ட் ஆட்கள். கான்ட்ராக்டர் மாறுவார், ஆள் அதே ஆள்தான். அவர் வேலை பார்த்தார் என்பதற்குச் சாட்சி வருகைப் பதிவு. முன்பு அது மஸ்டர் ரோல் நோட்டு. இப்போது கம்ப்யூட்டர்.

ஒரு சின்ன அட்டென்டன்ஸ் சாஃப்ட்வேரை வைத்துக்கொள்வோம். இரண்டு டேபிள். ஒன்றில் ஆட்கள், இன்னொன்றில் அவர்கள் வேலைக்கு வந்த நாட்கள். இரண்டையும் கட்டிப்போடுவது ஃபாரின் கீ. ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். லிஸ்ட் நீளமாக இருக்கிறதே என்று சூப்பர்வைசர் அவர் பெயரை டிலீட் செய்கிறார். டேட்டாபேஸ் உடனே மறுக்கும். இவர் பெயரில் வருகைப் பதிவு இருக்கிறது, அழிக்க மாட்டேன் என்று எர்ரர் காட்டும். நல்ல பிள்ளை! ஆனால் நம்ம புரோகிராமருக்கு எர்ரர் வந்தால் பிடிக்காது. 'ஆன் டிலீட் கேஸ்கேட்' என்று மூன்று வார்த்தை சேர்த்துவிடுவார். அவ்வளவுதான். பெயர் போகும்போது அவர் உழைத்த அத்தனை நாளும் கூடவே போய்விடும். கமிட் ஆன பிறகு ரோல்பேக் கிடையாது. பேக்கப் இல்லையென்றால் கோவிந்தா.

போனால் என்ன என்கிறீர்களா? 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் ஓர் ஆண்டு தொடர் பணி என்று 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் கணக்கு வைத்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத்திலும் அந்த 240 தொடர்கிறது. ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அந்த 240 நாளை நிரூபிக்க வேண்டியது யார்? தொழிலாளிதான் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாயால் சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. ஆதாரம் இருப்பது கான்ட்ராக்டர் கம்ப்யூட்டரில். அழிக்க ஒரே ஒரு கிளிக்!

பணம் என்றால் மட்டும் அரசு உஷார். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தவே முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது கணக்குப் புத்தகத்துக்கான விதி. ரூபாய்க்குக் கிடைக்கிற மரியாதை, வியர்வைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

பெயர் நீக்கம் என்றால் என்ன என்று 2025 டிசம்பர் 19 அன்று நம் எல்லோருக்கும் புரிந்தது. அன்று வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். அரசியல் ஒருபக்கம் இருக்கட்டும். நீக்கிய பெயர்களுக்கு இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணம் இருந்தது. அதற்கு முன்பே, பீகாரில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. காரணம் எழுதியிருந்தால்தானே "ஐயா, நான் இன்னும் சாகலை" என்று ஒருவர் வந்து நிற்க முடியும்? வரியே இல்லையென்றால் எதைக் காட்டிச் சண்டை போடுவது?

"டேட்டாபேஸ் வீங்கிடும்" என்பார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு வருட வருகைப் பதிவு மூன்றரை லட்சம் வரிதான். நம்ம செல்போனில் கிடக்கும் குட்மார்னிங் படங்களைவிடக் குறைவு :) "ஆளுக்கு அந்தரங்கம் இல்லையா?" என்பது நியாயமான கேள்வி. 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது சம்பந்தப்பட்டவர் கேட்க வேண்டியது. சூப்பர்வைசருக்குக் கொடுத்த உரிமை அல்ல.

வேலையும் பெரிதில்லை. விலகிய தேதி, காரணம், யார் மாற்றினார் என்று மூன்று காலம் சேருங்கள். வேலையில் இருப்பவர்களை மட்டும் காட்ட ஒரு வியூ எழுதுங்கள். கேஸ்கேடைத் தூக்குங்கள். முக்கியமாக, புரோகிராம் பயன்படுத்தும் லாகினுக்கு டிலீட் பர்மிஷனையே கொடுக்காதீர்கள். பட்டனை மட்டும் மறைத்தால் அது வெறும் மேக்கப்.

நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர்தான் இந்த சாஃப்ட்வேரை எழுதப் போகிறோம். "கிளையன்ட் கேட்டார், போட்டேன்" என்று தப்பிக்க வேண்டாம். அந்த மூன்று வார்த்தையை டைப் செய்கிற விரல் நம்முடையது.